பூச்சி கட்டும் அக்கா

ரங்கூனில் நான் குமாஸ்தாவாக இருந்த கடையில் துப்பாக்கி, கிரிக்கெட் மட்டை, டென்னிஸ் வலை, தூண்டில் கோல் எல்லாம் விற்றோம். மீன் பிடிக்கப் போகும் துரைமார்கள் புழு குத்திப் பிடிக்கமாட்டார்கள். அவர்களுக்கு இறகு ஈ வேண்டும். சின்னத் தூண்டில் முள்ளில் பட்டு நூலும் இறகும் சுற்றிக் கட்டிய பொய் ஈ அது. கோலை முன்னும் பின்னும் வீசித் தண்ணீர்மேல் அதை இறக்கினால், உயிருள்ள பூச்சி என்று நம்பி மீன் வந்து கவ்வும். இங்கிலாந்திலிருந்து கப்பலில் வரும் அந்த ஈக்கள் ரங்கூன் மழைக்கு ஒரு மாதம் தாங்காது. முள் துருப்பிடிக்கும், இறகை அந்துப்பூச்சி அரித்துவிடும். இங்கேயே கட்டித் தர யாராவது கிடைப்பார்களா என்று முதலாளி கேட்டபோது எனக்கு எங்கள் குடியிருப்பில் இருந்த ஒரு அக்காவின் விரல்கள்தான் ஞாபகத்துக்கு வந்தன.

ரங்கூனில் மிங்கலா தாங்ஞுன்ட் என்ற பேட்டையில் ரயில் பாதையை ஒட்டிய மரவீடு ஒன்றில் நாங்கள் ஏழெட்டுக் குடும்பங்கள் இருந்தோம். மாடியில் கடைசி அறை அவருடையது. மதுரைக்கு மேற்கே மலையடிவாரத்து ஊர்க்காரர். முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும். ரவிக்கைகளுக்குச் சரிகைப்பூ தைத்துக் கொடுத்துப் பிழைத்துவந்தார். அவர் போட்ட தையலை உள்பக்கம் திருப்பிப் பார்த்தாலும் எங்கே தொடங்கி எங்கே முடித்தார் என்று கண்டுபிடிக்க முடியாது.

கடையிலிருந்து ஒரு சால்மன் ஈயை எடுத்துப்போய் அவர் உள்ளங்கையில் வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத எது திங்கும்?"

"சால்மன்னு ஒரு மீன்க்கா. குளிர் நாட்டு ஆத்துல இருக்குமாம்."

"நீங்க பாத்திருக்கீங்களா?"

"இல்ல."

"அது இதத் தின்னத?"

"அதுவும் இல்லக்கா. தொரைங்க சொல்றாங்க."

"சரி, வச்சிட்டுப் போங்க" என்றார்.

மறுநாள் போனபோது ஈ இல்லை. பழைய செய்தித்தாளின்மேல் அதன் உறுப்புகள் வரிசையாகக் கிடந்தன. கறுப்புப் பட்டு நூல், வெள்ளிச் சரிகை, மஞ்சள் கம்பளி மயிர், மயில் இறகின் நான்கு இழை, ஓரத்தில் வெறும் முள். கட்டியதை ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்து, எந்தச் சுற்று எதன்மேல் வந்தது என்று பார்த்திருக்கிறார். கறுப்பிலே மஞ்சள் மெழுகுப் பொட்டு வைத்தது போல ஒரு இறகு இருந்தது. அதைத் தனியே எடுத்துக் காட்டினார். "இது எங்க மலைக்காட்டுக் கோழி தம்பி. கழுத்து இறகு. இத நான் கண்ணால பாத்திருக்கேன். சீமைக்குப் போயி, முள்ளுல ஏறி, இங்க வந்து நிக்குது."

ஒரு வாரத்தில் அதே ஈயைக் கட்டித் தந்தார். தட்டார் குறடு ஒன்றில் முள்ளைக் கவ்வவைத்து, குறட்டைக் கால் பெருவிரலிடுக்கில் பிடித்துக்கொண்டு கட்டுவார். முதலாளி பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு எது சீமை ஈ, எது ரங்கூன் ஈ என்று என்னையே கேட்டார். அன்றிலிருந்து அவருக்குக் கடை வேலைதான். அவர் அதை ஈ என்று சொன்னதில்லை. பூச்சி என்பார். வீட்டில் எல்லோருக்கும் அவர் பூச்சிக்காரி ஆனார்.

அந்தக் கேள்வியை அவர் என்னிடம் மட்டும் கேட்கவில்லை. யார் எதைச் சொன்னாலும் "நீங்க பாத்தீங்களா?" என்பார். ஆற்றுக்கு அக்கரை டாலாவில் மரக்கிடங்கு யானை ஒன்றுக்கு மதம் பிடித்துவிட்டது, ஆற்றில் இறங்கி ரங்கூன் பக்கம் நீந்தி வருகிறது என்று ஒருநாள் கதை பரவியது. தெருவே கதவடைத்தது. என் மனைவி அரிசிப்பானையை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டுக் கட்டிலுக்கடியில் போனாள். இந்த அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு படகுத்துறைக்குப் போய், படகேறி, டாலாவுக்கே போய்விட்டார். சாயங்காலம் திரும்பி வந்து, "கட்டிப்போட்ட எடத்துலதான் நிக்குது. புல்லுத் திங்குது. கண்ணுல மட்டும் ஏதோ நோவு, பாவம்" என்றார்.

பிளேக் ஊசி போட வந்தபோது, ஊசி போட்டவன் மூன்றாம் நாள் செத்துவிடுவான் என்று பேச்சு. ஒருவரும் கைநீட்டவில்லை. அக்கா ஊசி போடும் கொட்டகைக்கு எதிரே காலையிலிருந்து உட்கார்ந்து, ஊசி போட்டுக்கொண்ட பர்மியர், சீனர், தெலுங்கர் என்று ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துவைத்துக்கொண்டார். நாலு நாள் சந்தையிலும் தெருவிலும் அந்த முகங்களைத் தேடித் திரிந்தார். ஐந்தாம் நாள் எங்கள் வாசலில் நின்று, "எல்லாரும் நடமாடுறாக. நான் போட்டுக்கப் போறேன், வாங்க" என்று கூப்பிட்டார். வீடு மொத்தமும் பின்னால் போனது.

எல்லா நேரமும் இது ரசிக்கும்படி இருந்தது என்று சொல்லமுடியாது. கீழ்வீட்டுப் பெண்ணுக்கு அவள் அண்ணன் மௌல்மீனில் இறந்துபோனதாகத் தந்தி வந்தது. பெண்கள் கட்டிக்கொண்டு அழுதார்கள். அக்கா வாசல்படியில் நின்றபடி, "யாரு பாத்தது?" என்று கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் அது எல்லோர் காதிலும் விழுந்தது. அந்தப் பெண் அழுகையை நிறுத்திவிட்டு இவரைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் ஞாபகமிருக்கிறது. அண்ணன் செத்தது உண்மைதான். இரண்டு பேருக்கும் அதன்பிறகு பேச்சில்லை.

அவர் ரங்கூனுக்கு வந்ததே அந்தக் கேள்வியோடுதான். கல்யாணமாகி ஒன்றரை வருஷத்தில் அவர் புருஷன் பர்மாவுக்கு வந்தவன். ஷான் மலையில் ரயில் பாதை போடும் வேலை. இரண்டு வருஷம் கடிதம் வந்தது, பிறகு நின்றது. அப்புறம் கூட வேலைபார்த்தவன் ஒருவன், காய்ச்சலில் போய்விட்டான் என்று நாலு வரி எழுதினான். மாமியார் அழுதார், சடங்கு செய்தார்கள். மருமகள் மட்டும் தாலியைக் கழற்றமாட்டேன் என்றார். கடிதம் எழுதியவனை நேரில் கேட்கவேண்டும் என்று கப்பலேறினார். அவன் ரங்கூனில் இல்லை. மலையிலிருந்து இறங்கி வந்த கூலிக்காரர்களை ரயிலடியில் மறித்து மறித்துக் கேட்டார். ஒருவன் காய்ச்சல் என்றான், இன்னொருவன் பாறை உருண்டது என்றான், மூன்றாமவன் புலி என்றான். "நீ பாத்தியா?" என்றால் எல்லோருக்கும் ஒரே பதில். சொன்னாங்க.

தனியாக ஒரு பெண் அந்த மலைக்குப் போவது அப்போது நினைத்துப்பார்க்கக்கூடிய காரியமில்லை. நாலு வருஷம் ஓடிவிட்டது.

அந்த வருஷம் குளிர்காலத்தில் கடைக்கு ஒரு துரைசானி வந்தார். கனடாக்காரர். புருஷன் மேல்பர்மாவில் எண்ணெய்க் கிணற்றில் என்ஜினியர். நாற்பதைத் தாண்டிய நெட்டையான பெண்மணி, ஆண்பிள்ளை பூட்ஸ் போட்டிருந்தார். எங்கள் ஈப்பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அவர் பிறந்த ஊர் ஆற்றில் வசந்தத்தில் சால்மன் ஏறிவருமாம். அதில் வந்து சேரும் ஓடைகளில் புரூக் டிரவுட் என்று ஒரு மீன். முதுகில் புழு ஊர்ந்த மாதிரி கோடு, விலாவில் நீல வளையத்துக்குள் சிவப்புப் புள்ளி, துடுப்பு ஓரத்தில் வெள்ளைக் கரை. சொல்லும்போதே அவர் முகம் சின்னப்பெண் முகம் போல ஆனது. ஷான் மலை ஓடைகளில் யாரோ ஒரு துரை அந்த மீன் குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டிருப்பதாக அவர் கேள்விப்பட்டிருந்தார். போய்ப் பார்க்கவேண்டும். மொழி தெரிந்த ஒரு ஆள் துணைக்கு வேண்டும். கூடவே, இந்த ஈயைக் கட்டியவரும் வேண்டும். அங்கே எந்தப் பூச்சி பறக்கிறதோ அதைப் பார்த்து அந்த இடத்திலேயே கட்டவேண்டும் என்றார்.

மொழித் துணைக்கு என்னையே போகச் சொன்னார் முதலாளி. அக்காவிடம் சொன்னேன். கட்டிக்கொண்டிருந்த நூலைப் பல்லில் கடித்துக்கொண்டே கேட்டார். "எந்தப் பக்கம்?"

"தாசி ஜங்ஷன்ல வண்டி மாறி, கலோவுக்கு மேல. புதுசா போட்ட மலை லைன்."

பல்லிலிருந்து நூல் விழுந்தது. எடுத்து மெழுகு தடவிக் குறட்டில் சுற்றிவைத்தார். "என்னைக்குப் பொறப்படணும்?" என்றார்.

மலை வண்டி தாசியிலிருந்து முன்னும் பின்னுமாகத் தள்ளித் தள்ளி ஏறியது. அக்கா ஜன்னலை விட்டு நகரவில்லை. பாதையோரத்தில் மண்வெட்டியோடு யார் நின்றாலும் முகத்தைப் பார்த்தார். கலோவைத் தாண்டி ஒரு சின்ன ஸ்டேஷனில் இறங்கினோம். ரயில் பாலத்துக்குக் கீழே ஓடை. தண்ணீர் கண்ணாடி மாதிரி, கால் வைத்தால் எலும்பு வரைக்கும் குளிர்ந்தது. துரைசானி இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்று வீச ஆரம்பித்தார். அந்த நீண்ட கயிறு பின்னால் போய் நீண்டு, முன்னால் வந்து, நுனியிலிருக்கும் ஈ ஓசையில்லாமல் தண்ணீரில் உட்காரும். அழகாகத்தான் இருந்தது. மீன்தான் வரவில்லை. பொட்டு வைத்த இறகு, மயில் இறகு, சரிகை சுற்றியது என்று ரங்கூனில் கட்டியதெல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. முதல் நாள் முழுக்க ஒன்றும் இல்லை.

மறுநாள் காலையில் அக்கா சேலையை முழங்காலுக்கு மேல் ஏற்றிச் செருகிக்கொண்டு ஓடையில் இறங்கினார். கற்களைப் புரட்டி அடிப்பக்கத்தைப் பார்த்தார். கல்லில் ஒட்டியிருந்த பழுப்புப் பூச்சி ஒன்றை நகத்தால் கிள்ளி உள்ளங்கையில் விட்டு, அது எத்தனை கால், வால் எத்தனை பிரி, வயிறு என்ன நிறம் என்று பார்த்துக்கொண்டே இருந்தார். கரையேறி உட்கார்ந்து மிகச் சின்ன முள் ஒன்றை எடுத்தார். சரிகை இல்லை, மயில் இல்லை. சேவல் இறகின் பழுப்பு நுனி, சாக்குப்பையிலிருந்து உருவிய சணல் நார், வாலுக்குத் தன் தலைமயிரில் மூன்று இழை.

"இதப் போடச் சொல்லுங்க தம்பி. அங்க, அந்தப் பாறை நெழலுல."

துரைசானி வீசினார். ஈ நிழலுக்குள் மிதந்து போனது. தண்ணீர் லேசாக வீங்கி உடைந்தது. கோல் வளைந்தது. அக்கா தண்ணீருக்குள் ஓடினார். இடுப்பு வரை நனைந்தது அவருக்குத் தெரியவில்லை. வலைக்குள் வந்த மீனின் வாயோரத்தில் தான் கட்டிய பூச்சி குத்தியிருப்பதைக் குனிந்து பார்த்தார்.

"திங்குது தம்பி!" என்று கத்தினார். "நெசமாவே திங்குது!"

துரைசானி மீனைப் பக்கவாட்டில் திருப்பினார். விலாவைப் பார்த்தார். சிவப்புப் புள்ளி இல்லை. துடுப்பில் வெள்ளைக் கரை இல்லை. மலை ஆற்றுக் கெண்டைதான் அது, தங்கம் போலச் செதில். "அது இல்லை," என்று ஆங்கிலத்தில் மெல்லச் சொல்லிவிட்டு, முள்ளைக் கழற்றி மீனை விட்டுவிட்டார். இரண்டு நாளில் பதினைந்து மீனாவது பிடித்திருப்பார். ஒவ்வொன்றையும் அப்படித் திருப்பிப் பார்த்தார்.

மூன்றாவது நாள் மத்தியானம், கரையில் ஒரு குழந்தையின் கூச்சல் கேட்டது. பர்மியில் "ஙா! ஙா!" என்று மீனைக் காட்டிக் கத்தியது. உடனேயே, "மீனு! மீனு!" என்றது.

ஐந்து வயதுப் பெண்குழந்தை. பின்னால் அவள் அம்மா, முதுகில் கைக்குழந்தையைத் துணியால் கட்டிக்கொண்டு, தலையில் அவித்த கடலைக் கூடையோடு நின்றாள். ஷான் பெண். அக்கா குறட்டைக் கீழே வைத்தார்.

"மீனுன்னு யாரு சொல்லிக் குடுத்தது?" என்று தமிழில் கேட்டார்.

"அப்பா" என்றது குழந்தை.

அக்கா குழந்தையின் முகத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து, அந்தக் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பாவக் காட்டு" என்றார். நானும் குழந்தையின் அம்மாவும் பின்னால் போனோம்.

பாலத்தைத் தாண்டிப் பாதைக்காவல் ஆட்களின் குடிசைகள். முதல் குடிசை வாசலில் லுங்கி கட்டிய ஒருவன் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தான். தலை நிமிர்ந்தவன் எழுந்து நின்றான். பிறகு மறுபடி உட்கார்ந்தான்.

"பயப்படாதீங்க" என்றார் அக்கா. "ஒண்ணும் கேக்க வரல. இருக்கீகளான்னு பாக்கத்தான் வந்தேன்."

அவன் மண்வெட்டியை ஒதுக்கி வைத்தான். "கடுதாசி நான்தான் போடச் சொன்னேன். அழுது முடிச்சிருப்பீகன்னு நெனச்சேன்."

"அத்தை அழுதாக. நான் அழுவல. பாக்காம எப்படி அழுவுறது?"

அவன் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான். "இவளுக்கு ஒண்ணும் தெரியாது. நான் செத்தவனாவே இருந்துட்டுப் போறேனே" என்றான்.

அதற்குள் அந்தப் பெண் கூடையை இறக்கிவிட்டு, பாய் விரித்து, பால் போடாத தேநீர் கொண்டுவந்து வைத்தாள். பர்மியில் என்னிடம் ஏதோ கேட்டாள்.

"என்ன கேக்குது?" என்றார் அக்கா.

"நீங்க யாருன்னு கேக்குறாங்க."

அவன் நிமிர்ந்து பார்த்தான். அப்படி ஒரு பயத்தை ஒரு ஆண்பிள்ளையின் கண்ணில் நான் பார்த்ததில்லை. அக்கா தேநீரை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

"ஊர்க்காரின்னு சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். அந்தப் பெண் முகமெல்லாம் சிரிப்பாகி, ஒரு பிடி கடலையை அள்ளி அக்காவின் முந்தானையில் போட்டாள். அக்கா அதை முடிந்துகொண்டு எழுந்து வந்துவிட்டார்.

ஓடைக்கரையில் வழக்கம்போல உட்கார்ந்து பூச்சி கட்டினார். வெகுநேரம் கழித்துத்தான் கவனித்தேன். குறட்டில் முள் இல்லை. வெறும் நூலைச் சுற்றிக்கொண்டிருந்தார். துரைசானியும் அதைக் கவனித்தார் என்று நினைக்கிறேன். கோலை மடக்கிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். இருவருக்கும் பொதுவாக ஒரு பாஷை இல்லை. வெயில் இறங்கும்வரை தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் அக்கா அழுதார். சத்தமில்லாமல், முகத்தைத் துடைக்காமல் அழுதார். நான் பாலத்துப் பக்கம் நடந்துபோய்விட்டேன்.

ரங்கூன் திரும்பும் வண்டியில் என் யோசனையைச் சொன்னேன். அவனே கேட்டுக்கொள்கிறான், செத்ததாகவே இருக்கட்டும், கல்லறையைப் பார்த்தேன் என்று ஊருக்குச் சொல்லிவிடுங்கள், எல்லோருக்கும் நிம்மதி என்றேன். நல்ல புத்திதான் சொல்கிறோம் என்ற நினைப்பு எனக்கு.

"நீங்களும் பாத்தீங்கல்ல?" என்றார்.

"பாத்தேன்."

"பாத்தவுக இப்படிச் சொல்லலாமா தம்பி?"



வீட்டில் எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். உயிரோடிருக்கிறார், அங்கே குடும்பம் இருக்கிறது என்று அக்கா ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார். சிலர் வழக்குப் போடச் சொன்னார்கள். சிலர் ஆள் சேர்த்துப்போய் இழுத்துவரலாம் என்றார்கள். கீழ்வீட்டுப் பெண், பேச்சில்லாமல் இருந்தாளே அவள், அக்காவுக்கு ஒரு தட்டில் சோறு போட்டு மாடிக்குக் கொண்டுவந்தாள்.

இரண்டு நாள் கழித்து என்னைக் கடிதம் எழுதக் கூப்பிட்டார். மாமியாருக்கு. அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். "உங்கள் மகன் உயிரோடு இருக்கிறார். என் கண்ணால் பார்த்தேன். உடம்பு நன்றாக இருக்கிறது. ரயில் பாதையில் வேலை. அங்கே ஒரு பெண்ணைக் கட்டியிருக்கிறார், நல்ல பெண். இரண்டு பிள்ளைகள். மூத்தவள் பெண், அவளுக்கு உங்கள் மூக்கு. நான் ஊருக்கு வரவில்லை. இங்கே எனக்கு வேலை இருக்கிறது."

"அவரு வேணாம்னு சொன்னாரேக்கா" என்றேன்.

"அவரு சொன்னாரு. பெத்தவ ஒருத்தி செத்துப்போனதா நெனச்சு அங்க கெடக்குறாளே."

ஒன்றரை மாதத்தில் பதில் வந்தது. ஊர்ப் போஸ்ட்மாஸ்டர் கையெழுத்து. கிழவி அழுதாள், சிரித்தாள், மருமகளை வாழ்த்தினாள், மகனைத் திட்டினாள். கடைசியில் ஒரு கேள்வி. சின்னது யார் சாயல்?

கடிதத்தைப் படித்து முடித்தபோது அக்கா முகம் வாடிப்போனது. "அத நான் பாக்கலையே தம்பி. முதுகுல தூங்கிக்கிட்டுல்ல கெடந்துச்சு. தலையோட துணி மூடியிருந்துச்சு."

"தாத்தா சாயல்னு எழுதிடுவோம்க்கா. அவங்களுக்குச் சந்தோசமா இருக்கும்" என்றேன்.

என்னை ஒரு பார்வை பார்த்தார். பேனாவை மூடிவைத்தேன்.

அடுத்த வாரம் தனியாகவே மலை வண்டி ஏறினார். குழந்தைகளுக்குச் சட்டைத்துணியும், அந்த ஷான் பெண்ணுக்குச் சரிகைப்பூ தைத்த ஒரு ரவிக்கையும் மூட்டையில் இருந்தன. ஐந்தாம் நாள் திரும்பி வந்து, கை கால் கழுவக்கூடப் போகாமல் என்னை மாடிக்குக் கூப்பிட்டார்.

"எழுதுங்க" என்றார். "சின்னவன் அவன் அம்மா சாயல். அழகா இருக்கான்."